ஷாஹீனின் நிலவறைக் கதவு

ஷாஹீன் யாருக்காவது ஒரு வாய் காபி கொடுத்து நான் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவரும் ஓர் அக்ரூட் மரமும்தான். மரம் அவனுடையது, கிளைகளில் பாதி எங்கள் பக்கம். எங்கள் பக்கம் விழுந்த காய்களைப் பொறுக்க அவனே கூடையோடு சுவரேறி வருவான். வந்தவன் சும்மா போகமாட்டான். "என்ன ஹஸ்னா, அடுப்புல ஏதோ வாசனை வருது?" என்பான். தட்டு வந்து, காலியானபிறகுதான் கூடையைத் தூக்குவான்.

நேரில் எல்லோரும் அவனைக் கவாஜா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய மனிதர்களைக் கூப்பிடுகிற சொல் அது. ஊர் அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. இளவயதில் கப்பலேறி பிரேசிலுக்குப் போனவன், திரும்பி வந்தபோது வெள்ளைத் தொப்பியோடு அதையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அங்கே தனக்குத் துணிக்கடை இருந்தது, வேலைக்கு ஆள் இருந்தார்கள் என்று சொன்னான். பிறகு அதே ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், மாதா கோயில் வாசலில் வைத்துப் போட்டு உடைத்தார்: "கடையா? எங்க கடையோட பின்கட்டுல படுத்துக் கெடந்தான். சோத்து நேரத்துக்கு மட்டும் யாரும் எழுப்ப வேண்டியதில்ல." ஷாஹீன் அசரவில்லை. "பொறாமை புடிச்ச வம்சம்" என்று தொப்பியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் அப்பா விட்டுப்போன ஆப்பிள் தோட்டத்தை மற்றவர்கள் உழுதார்கள், மற்றவர்கள் கிளை வெட்டினார்கள், மற்றவர்கள் பறித்தார்கள். இவன் மேட்டில் நின்று குறை சொன்னான். அதுதான் அவன் தொழில். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான் என்று கஞ்சனைச் சொல்வார்கள். இவன் அதற்கும் ஒரு படி மேல். காக்கை ஓட்டுகிறவன் கையிலிருந்து சிந்துவதைப் பொறுக்குகிற ஜாதி.

நாற்பது தாண்டியபிறகு கல்யாணம் செய்துகொண்டான். பெண் முந்தஹா, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவள் வீட்டில் ஆறாவது பெண். ஐந்து பெண்ணுக்குப் பிறகும் பெண்ணே பிறந்ததால் 'இதோடு முடிந்தது' என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்துவிட்டார்கள். பிறந்தபோதே போதும் போதும் என்று சொல்லப்பட்டவளை இவன் வந்து 'எனக்குப் போதும்' என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான். வரதட்சணையாக அவள் கொண்டுவந்தது கை மணம். அவள் கிளறினால் வெறும் பயறும் வெங்காயமும்கூட விருந்தாகும். அந்தக் கையை இவன் என்ன செய்தான் என்று கேட்டால் பூட்டி வைத்தான் என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் வந்த முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டு உம் நிமர் காய்ச்சலில் படுத்தாள். உம் என்றால் அம்மா. விதவை, மகன் நிமர் கீழே துறைமுகத்தில் வேலை. முந்தஹா ஒரு கிண்ணம் சூப்பு வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். உம் நிமர் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது ஷாஹீன் உள்ளே வந்து, "கிண்ணம் எங்க வீட்டுது" என்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். மீதிச் சூப்பும் அதிலேயே இருந்தது. வழியில் நின்று அதைக் குடித்தான் என்று உம் நிமர் செத்தவர்கள் மேல் ஆணையிட்டுச் சொல்வாள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் மலையில் கோடை முடியும்போது வீடுவீடாகக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். தயிரில் புளிக்கவைத்த கோதுமை நொய்யை மொட்டைமாடியில் காயவைத்துத் தேய்த்துப் பொடியாக்கினால் கிஷ்க். ஆட்டுக்கறியைக் கொழுப்பிலேயே வதக்கி ஜாடியில் உறையவிட்டால் கவர்மா. அப்புறம் அத்தி ஜாம், திராட்சைப் பாகு, ஆலிவ் ஊறுகாய். முந்தஹா செய்ததுபோல் சுத்தமாக யாரும் செய்ததில்லை. கிஷ்க் தேய்க்கிற நாளில் எங்கள் மாடியிலிருந்து அவளைப் பார்ப்பேன். முழங்கை வரைக்கும் வெள்ளையாக, பேசாமல் தேய்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் நிலவறைக்குப் போகும். ஷாஹீன் பூட்டுவான். சாவி அவன் இடுப்புக் கயிற்றில்.

"போன வருஷத்துது தீரட்டும், அப்புறம் புதுசு" என்பான். போன வருஷத்துது தீரும்போது இந்த வருஷத்துது போன வருஷத்துது ஆகியிருக்கும். இப்படியே அந்த வீட்டில் எப்போதும் பழசைத்தான் சாப்பிட்டார்கள். தான் செய்த கிஷ்க் புதிதாக இருக்கும்போது எப்படி ருசிக்கும் என்று தெரியாதவள் இந்த மலையிலேயே முந்தஹா ஒருத்திதான். இவனுக்கு அந்தக் கவலை கிடையாது. புது கிஷ்கை அவன் எங்கள் வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் சொல்லவந்தது ஒரு பனி நாளைப் பற்றி.

உள்நாட்டுச் சண்டை அப்போது இன்னும் கீழே நகரத்தோடு நின்றிருந்தது. ஆனால் டீசல் லாரி மேலே ஏறி வருவது நின்றுபோயிருந்தது. எண்ணெய்க் கணப்பு வைத்திருந்தவர்கள் எல்லாம் பழைய விறகுக் கணப்புக்குத் திரும்பியிருந்தோம். என் புருஷன் மில்ஹெம் கல்குவாரி லாரி ஓட்டுகிறவர். இலையுதிர்காலத்திலேயே கருவாலி விறகு கொண்டுவந்து சுவர் உயரத்துக்கு அடுக்கிவிட்டார். ஷாஹீன் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்வளவு? இந்த வருஷம் பனி விழாது. என் முட்டி சொல்லுது" என்றான்.

அவன் முட்டி பொய் சொன்னது. தொடர்ந்து விழுந்து ஒரு காலையில் கண்விழித்தால் குட்டைச் சுவரைக் காணோம். அக்ரூட் மரம் கீழ்க்கிளை வரைக்கும் புதைந்திருந்தது. சாலை மூடிவிட்டது. நாய் குரைக்கவில்லை, வண்டி இல்லை, கோயில் மணியை அடிக்கக்கூட யாரும் போகவில்லை. எப்போதாவது ஒரு கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழும், அவ்வளவுதான் ஊரின் சத்தம்.

இப்படிப்பட்ட நாளில் எங்கள் தெருவுக்கு எங்கள் வீடுதான் அடுப்பு. உம் நிமர் முக்காட்டில் உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ரஃபூல் ஒரு பாட்டில் அரக் சாராயத்தோடும் சட்டைப்பை நிறையக் கஷ்கொட்டையோடும் வந்தார். தனிக்கட்டை. பேச்சு குறைவு, பசி அதிகம். நான் கிஷ்க் கிளற ஆரம்பித்தேன். பூண்டு கொழுப்பில் சிவந்த அந்த நேரத்துக்குச் சரியாகக் கதவில் கைத்தடி தட்டியது.

"இந்த வீட்டுக்கு நல்லது நடக்கட்டும்!" என்று ஷாஹீன் உள்ளே வந்தான். கையில் ஒன்றுமில்லை. கணப்புக்கு மிக அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையை எங்கள் கணப்பின் இரும்பு விளிம்பில் தொங்கவிட்டான். அதிலிருந்து ஆவி கிளம்பியது. கஷ்கொட்டையை வாட்ட அந்த இடத்தைத்தான் ரஃபூல் பார்த்துவைத்திருந்தார். மனிதர் கஷ்கொட்டைகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"முந்தஹாவ ஏன் கூட்டிட்டு வரல, கவாஜா?" என்று கேட்டேன்.

"அவளா? அவ மலைக்காரி. அவளுக்குக் குளிராது."

"நாங்க மட்டும் என்ன கடற்கரைக்காரங்களா?" என்றாள் உம் நிமர்.

"வீட்டுல கணப்பு எரியுதுல்ல?" என்று மில்ஹெம் கேட்டார்.

ஷாஹீன் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஒரே ஒரு ஆளுக்கா கணப்பு? யோசிச்சுப் பேசுப்பா. நான் இங்க இருக்கேன். அங்க அவ ஒருத்தி. அவ பாட்டுக்கு வேலை செஞ்சா உடம்பு சூடாயிடப் போகுது."

அறை அமைதியானது. அந்த அமைதியை அவன் தன் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டான். கிண்ணத்தை நீட்டினான். நான் ஊற்றினேன். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, "புளிப்பு போதல. கறியும் கஞ்சத்தனமா போட்டிருக்க" என்றான். கஞ்சத்தனம் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ரஃபூலுக்கு அரக் புரையேறியது.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஒரு தூக்கில் கிஷ்கை ஊற்றி, ரொட்டியைத் துணியில் சுற்றி, மில்ஹெமின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

"எங்க போற?" என்றான் ஷாஹீன்.

"கோழிக்குத் தீனி போட" என்றேன்.

முந்தஹா சமையலறையில் இருந்தாள். புருஷனின் பழைய கோட்டு, அதன்மேல் கம்பளி, கையில் காலுறையைக் கையுறையாக மாட்டியிருந்தாள். கணப்பு செத்துக் கிடந்தது. பக்கத்தில் நான்கைந்து ஈர ஆப்பிள் கட்டைகள். அவற்றை எரிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறாள், கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. புகை என்றுதான் அவள் சொன்னாள்.

"சாப்பிடு. சூடு ஆறுறதுக்குள்ள."

நின்றுகொண்டே சாப்பிட்டாள். இரண்டு வாய் போனதும் நிறுத்தி, "இது இந்த வருஷத்துதா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மணமா இருக்கு." தூக்கைக் கொஞ்ச நேரம் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு வா, முந்தஹா. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"வந்து? அவரு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாக்கவா? அத இருவது வருஷமா பாத்துட்டேன்." தூக்கைக் கீழே வைத்தாள். சமையலறை மூலையில் நிலவறைக் கதவு. அக்ரூட் பலகை, ஷாஹீனின் தாத்தா காலத்தது, வைரம் பாய்ந்து கறுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாக, உப்பு கேட்பதுபோலக் கேட்டாள்: "மில்ஹெமோட கோடரி கொஞ்சம் குடுப்பியா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. போய் எடுத்துவந்து சன்னல் வழியாகக் கொடுத்தேன்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது ஷாஹீன் இரண்டாம் கிண்ணத்தில் இருந்தான். பிரேசிலில், பனியே இல்லாத நாட்டில், தான் எப்படி வாழ்ந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். புளிப்பு போதாத அந்தக் கிஷ்கை வழித்து வழித்துச் சாப்பிட்டான். அப்போதுதான் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். பனி நாளில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது, எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

ஷாஹீன் காதைத் தீட்டினான். "கேக்குதா? இந்தக் குளிர்ல எவனோ ஒருத்தன் வெறகு வெட்டறான். முன்னாடியே வெட்டி வெச்சிருக்கணும். இந்த ஊர் ஜனங்களுக்குத் திட்டம்னு ஒண்ணு கிடையாது."

"உண்மைதான் கவாஜா" என்றேன். "சில பேர் இருவது வருஷம் லேட்டாத்தான் வெட்ட ஆரம்பிக்கறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. மில்ஹெமுக்குப் புரிந்தது. சன்னல் வழியாக, வெளியே விறகடுக்குக்கு மேலே தன் கோடரி தொங்குகிற ஆணியைத் திரும்பிப் பார்த்தார், ஆணி காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் ரொட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ரஃபூல் சன்னலோரம் எழுந்து போனார். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற ஆறேழு வாக்கியங்களில் ஒன்றை அங்கிருந்து சொன்னார்:

"கவாஜா, உங்க வீட்டுப் புகைபோக்கி புகையுது."

"என் வீடா? இருக்காது."

"தாராளமா புகையுது."

ஷாஹீன் சன்னலுக்கு ஓடினான். அவன் ஓடினான் என்று நான் சொல்வது இதுதான் முதல்தடவை. அவன் கூரையிலிருந்து கெட்டியாக, நேராக, வெள்ளை வானத்துக்குள் புகை எழுந்துகொண்டிருந்தது. "தீ! என் வீடு எரியுது!" என்று கத்தினான். ஒற்றைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மற்றக் காலில் காலுறைகூட இல்லாமல் பனிக்குள் பாய்ந்தான். குட்டைச் சுவர் இருக்குமிடம் மறந்துபோய் அதில் இடறி இடுப்பு வரைக்கும் புதைந்தான். மில்ஹெமும் ரஃபூலும் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். முந்தஹாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் ஜாடிங்க! என் ஜாடிங்க!" என்றுதான் வழியெல்லாம்.

உள்ளே நுழைந்தபோது அந்தச் சமையலறை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கணப்பு இரும்பு சிவக்க எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கறுத்த பலகைத் துண்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நிலவறை வாய் திறந்து கிடந்தது, கீல் மட்டும் சுவரில். முந்தஹா கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, பெரிய அண்டாவில் கவர்மாவை வதக்கிக்கொண்டிருந்தாள். கோடரியைத் துடைத்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாள்.

ஷாஹீன் நிலவறை வாசலைப் பார்த்தான். கணப்பைப் பார்த்தான். தானாகவே அவன் கை இடுப்புக்குப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது.

"என் கதவு" என்றான். "எங்க தாத்தாவோட கதவு."

"நல்லா எரியுது" என்றாள் முந்தஹா, திரும்பாமல். "காஞ்ச மரம்."

"சாவிய நான்தானே வெச்சிருக்கேன்!"

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கலியே."

உம் நிமர் சிரித்துவிட்டாள். வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. ஷாஹீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கைத்தடியை ஓங்கிக்கொண்டு முந்தஹாவை நோக்கி ஓரடி வைத்தான். மில்ஹெம் இருவருக்கும் நடுவில் போய் நின்று, கணப்பில் கை காய்ச்ச ஆரம்பித்தார். கல்குவாரியில் வேலை செய்கிற கை. ஷாஹீன் தடியை இறக்கினான்.

வாத்தியார் பக்கம் திரும்பினான். "உஸ்தாத், நீங்க படிச்சவரு. நீங்கதான் சாட்சி. இவ என் சொத்த அழிச்சிட்டா."

ரஃபூல் அண்டாவை எட்டிப் பார்த்தார். "எப்ப ஆகும் முந்தஹா?" என்றார்.

"இப்ப ஆயிடும், உஸ்தாத். உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. வீட்டுக்கு வந்தவங்க நிக்கக் கூடாது."

அந்த வீட்டில் உட்கார எங்கே இடம்? வந்தவர்கள் யாரும் கிடையாது என்பதால் இரண்டே நாற்காலிதான். உம் நிமர் ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில், ஷாஹீனின் சாய்வு நாற்காலியில், ரஃபூல். நானும் மில்ஹெமும் நிலவறையிலிருந்து பெட்டிகளை இழுத்துக் கவிழ்த்துப் போட்டோம்.

அப்போது அந்த நிலவறையைப் பார்த்தேன். பார்த்ததை மறக்கமாட்டேன். முன்வரிசையில் இந்த வருஷத்து ஜாடிகள் பளபளவென்று. அதற்குப் பின்னால் போன வருஷம், அதற்கும் பின்னால் எந்த வருஷமோ. ஜாம் ஜாடிகளில் பச்சைப் பூஞ்சை விரலளவு நின்றது. ஒரு மூட்டைக் கோதுமை நொய் வண்டு அரித்து மாவாகக் கொட்டிக் கிடந்தது. அக்ரூட் பருப்பு எண்ணெய் கக்கி நாறியது, எங்கள் பக்கம் விழுந்ததையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு போன அதே அக்ரூட். ஒரு பெண் முழங்கை வலிக்கத் தேய்த்ததையெல்லாம் எலிக்கும் வண்டுக்கும் படைத்துவிட்டு இந்த மனுஷன் என் கிண்ணத்தில் புளிப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும்போது யாருக்காவது கோபம் வருமா?

முந்தஹா கிஷ்க் பொடியைக் கொழுப்பில் தூவிப் பிரட்டி, வெந்நீர் ஊற்றிக் கிளறினாள். அந்த மணம் எழும்பியபோது நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"என்ன, உப்பு குறைவா?" என்றேன்.

"இல்ல ஹஸ்னா" என்றாள். "நல்லா இருக்கு." ஏதோ கெட்ட செய்தி கேட்டவள்போல் சொன்னாள்.

முதல் கிண்ணம் உம் நிமருக்கு. விளிம்பு வரைக்கும். "முழுசா குடிங்க. யாரும் வாங்க வரமாட்டாங்க" என்றாள். பிறகு ரஃபூல், மில்ஹெம், நான். ஷாஹீனுக்கு ஊற்றவில்லை. அவன் நிலவறை வாசலில், கதவு இருந்த இடத்தில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். காவல். உடம்பையே கதவாக வைத்து அடைத்துக்கொண்டு, ஒற்றைக் கால் பனியில் நீலம் பாரித்திருக்க, ஒவ்வொரு கரண்டியாக எங்கள் வாய்க்குப் போவதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தான்.

"உன் கைக்கு நோவு வராம இருக்கட்டும்" என்று ரஃபூல் இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு எங்கள் ஊரில் யாரும் கேட்காதது. கஷ்கொட்டையையும் இங்கேதான் வாட்டினார்.

ஷாஹீன் எவ்வளவு நேரம் தாங்கினான் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் இரண்டாம் கிண்ணம் முடிப்பதற்குள் வந்துவிட்டான். கோபித்துக்கொண்டு போயிருந்தால், வெளியே பனியில் போய் நின்றிருந்தால், எனக்கு அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும். வரவில்லை அந்தச் சங்கடம். கெந்திக் கெந்தி வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, "எரிச்சதுதான் எரிச்ச, வீணாப் போகக் கூடாதுல்ல" என்றான்.

முந்தஹா அவனை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் ஒரு துணியை எடுத்து அவன் வெறுங்காலுக்கு எறிந்தாள். அப்புறம் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். தன் வீட்டில், தன் கணப்பில், கடைசி ஆளாக, நின்றுகொண்டு சாப்பிட்டான்.

முழுக் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, "பூண்டு தூக்கலா இருக்கு" என்றான்.

மில்ஹெம் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. முந்தஹாவும் சிரித்தாள். அவள் பற்களில் ஒன்று பக்கவாட்டில் உடைந்திருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பனி உருகிச் சாலை திறந்ததும் ஷாஹீன் செய்த முதல் வேலை, பாதிரியாரிடம் போய்ப் பெண்டாட்டி மேல் புகார் சொன்னது. பாதிரியார் அதற்குள் கிஷ்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "அடுத்த பனிக்கு எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாராம். புதுக் கதவு போட ஆசாரிக்கு வேலை கொடுக்கவேண்டும், ஷாஹீன் கொடுப்பானா? நிலவறை வாசலில் ஒரு பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டான். அது யாரையும் தடுக்கவில்லை. முந்தஹா பூஞ்சை பிடித்ததையெல்லாம் வாரித் தோட்டத்தில் புதைத்தாள், ஜாடிகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தந்த வருஷத்துச் சாப்பாடு. பனி விழுந்தால் எங்கள் வீட்டில் ஒரு நாள், அவள் வீட்டில் ஒரு நாள்.

ஷாஹீன் திருந்தினானா என்று கேட்காதீர்கள். அவன் பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டான். கீழ் ஊர்க்காரர்களிடம், "பனி விழுந்தா தெருவே என் வீட்டுலதான் சாப்பிடும். நான் இருக்கற வரைக்கும் யாரும் பசியா போகக் கூடாது" என்று சொல்ல ஆரம்பித்தான். என் முன்னாலேயே சொன்னான். நான் முறைத்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துணிக்கடையை நம்பியதுபோலவே இதையும் அவன் நம்பிவிட்டான். எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. அதே நாற்காலி, அதே ஈரக் காலுறை.

ஆப்பிள் பறிக்கிற காலத்தில் ஒருநாள் மேட்டில் நின்று ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழவில்லை. துக்க வீட்டுக்கு நான்தான் காபி போட்டேன். சர்க்கரை இல்லாத கசப்புக் காபி, மூன்று நாளும். நகரத்திலிருந்து வந்த அவன் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து நின்று, இந்தக் கவாஜாவின் வீட்டுக் கதவு எந்நாளும் மூடியதில்லை என்று பேசினார். அதைக் கேட்டு உம் நிமர் இருமினாள். இருமி முடிக்க அவளை வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

முந்தஹா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உண்மையாகவே அழுதாள், மூக்கு சிவக்க. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. காபித் தட்டோடு அவள் பக்கத்தில் குனிந்து, "எதுக்குடி இந்த அழுகை? அந்த மனுஷனுக்கா?" என்று காதில் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஆப்பிள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது ஒருத்தர் அழணும்ல, ஹஸ்னா" என்றாள். "பாரு, வேற யாருமே அழல."

தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குக் காபி கொடுக்கப் போனேன்.